பாவனையில் இருந்தது

ஜாலான் டூத்தா நீதிமன்றம், நான்காம் மாடி.
பத்தொன்பது வருடமாக இங்கே நான்
பிறருடைய வாய்.
அவர்கள் அழுதால் அழாமல் சொல்வேன்.
கெட்ட வார்த்தையைக்கூட
இஸ்திரி போட்டுத்தான் நீட்டுவேன்.

செந்தூல் இராசமலர், வயது அறுபத்திரண்டு,
மணவிலக்கு கேட்டு வந்திருந்தார்.
மலாய் தெரியாது என்று
படிவத்தில் குறி போட்டிருந்தார்.
காலையில் கேன்டீனில் அவர் பின்னால்தான் நின்றேன்.
தே ஓ கோசோங் வாங்கிவிட்டு
இருபது சென் மீதிக்காக
கல்லாக்காரப் பெண்ணிடம் சண்டை பிடித்தார்,
கெடா வாடை அடிக்கும் சுத்தமான மலாயில்.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
முப்பத்தைந்து வருடம் யாரும் காதில் வாங்காத ஒருத்தி
தன் பேச்சை
இரண்டு தடவை கேட்டுப் பார்க்கட்டுமே.

எதிர்த்தரப்பு வக்கீல்
சுற்றி வளைத்துக் கட்டிலுக்கு வந்தார்.
இராசமலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"முதல் ஆறு வருசம்
அந்தக் கட்டில் பாவனையில இருந்தது."

என் தமிழ் பந்திங் தோட்டத்தில் வளர்ந்தது.
தண்டல் சைக்கிள் மணி கேட்டதும்
அப்பாவுக்கு வந்துவிடும் காய்ச்சல் பாசாங்கு.
தண்டல் எட்டிப் பார்க்கும்போது மட்டும்
அம்மா கையில் அசையும் கத்தி, பாவலா.
மாய்மாலம் எப்போதும் பக்கத்து லயத்தில்தான்,
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சாமர்த்தியம்.
பாவனை மட்டும் கொஞ்சம் படித்த சொல்,
பவுடர் பூசி வரும் பொய்.

இத்தனைக்கும் மலாயில் ஒரே சொல்:
பூரா பூரா.
தமிழ்க் காதுக்கு
முழுசா முழுசா என்று கேட்கும்.
அதைத்தான் சொன்னேன்.
ஆறு வருடக் கட்டில், பூரா பூரா.
நீதிபதி ரொஹானாவின் பேனா நின்றது.

அப்புறம்தான் உறைத்தது.
யாழ்ப்பாணத்து நாக்கில் பாவனை என்றால் பயன்பாடு.
பாவித்த கார். பாவித்த சீலை.
மருந்துப் போத்தலில்
பாவனைக் காலம் முடியும் திகதி.
கட்டிலை உபயோகித்தோம் என்றிருக்கிறார், பாவம்.
தெரிந்த சங்கதிதான்.
எப்படி நழுவியதென்று இன்றும் தெரியவில்லை,
அல்லது தெரியும், என் வீட்டிலும் ஒரு கட்டில் உண்டு.

திருத்தம் சொல்லக் கையைத் தூக்கினேன்.
அவர் ஏற்கனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
மலாய் தெரியாத அந்தக் கண்கள்
என் மலாயைக் கடைசி எழுத்துவரை வாசித்திருந்தன.
"விடுங்கோ பிள்ளை" என்றார்,
"அதுவும் சரிதான்."

என்ன சொல்கிறார், என்று கேட்டார் நீதிபதி.
எல்லாவற்றையும் சொல்வதாகச் சத்தியம் செய்தவள் நான்.
சொன்னேன்.

அதுவரை தன் சப்பாத்தையே பார்த்திருந்த
தில்லைநாயகம் எழுந்தார்.
யாரும் கேட்கவில்லை. வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார்.
"ஆறில்லை. எட்டு."

எட்டு, என்று மொழிபெயர்த்தேன்.
எட்டு வருடம் எது என்று
யாரும் கேட்கவில்லை.

பாம்பு கடித்தவன் முன்னால்
வைத்தியன் தன்னையே கருடனாகப் பாவிப்பானாம்.
சிறகு முளைக்காது.
விஷம் மட்டும் இறங்கும் என்பார்கள்.
எட்டு வருடத்தில் இந்த இருவருக்கும்
எது இறங்கியது, எது ஏறியது,
கோப்பில் அதற்குப் பக்கம் இல்லை.

வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.
லிஃப்டில் மூன்று பேர் மட்டும்.
நான் காது கேளாதவள் மாதிரி
மாடி எண்கள் இறங்குவதைப் பார்த்து நின்றேன்.
மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்
கதவைப் பார்த்தபடியே அவர் கேட்டார்:
"பிரஷர் குளிசை ஒழுங்காப் பாவிக்கிறியளோ?"

"பாவிக்கிறன்."